வன்னியில் காட்டையும் ஆற்றையும் காக்க ஊர்ச்சனத்தால் என்ன செய்ய முடியும்?

பெரிய அமைப்போ வெளிநாட்டுக் காசோ இல்லாமல் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். கிணற்றில் இருந்து தொடங்குங்கள்.

எங்கள் வீடு இலங்கையின் வடக்கே, வன்னியில், கனகராயன் ஆற்றுக்குக் கிட்ட. இரணைமடுக் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிற ஆறு இது. இரவில் டிப்பர் வந்து மணல் அள்ளத் தொடங்கியபோது, ஊர்க்கூட்டத்தில் நான் காட்டைப் பற்றித்தான் பேசினேன். முதிரை மரங்களைத் தறித்து ஏற்றுகிறார்கள், கரை இடிந்து மருதமரங்கள் சரிகின்றன என்றேன். ஒருவரும் எதிர்க்கவில்லை, ஒருவரும் கூட வரவும் இல்லை. காரணம் பிறகுதான் விளங்கியது. சண்டை முடிந்து திரும்பி வந்தபோது, தங்கள் பழைய காணிக்குள் வன இலாகாவின் எல்லைக்கல்லைப் பார்த்த சனம் இங்கே இருக்கிறது. அவர்களிடம் 'காட்டைக் காப்போம்' என்றால், மிச்சக் காணியும் போகப்போகிறது என்றுதான் காதில் விழும். அந்தப் பயம் நியாயமானது. முதலில் அதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

அந்தக் கோடையில் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் வாளி தண்ணீருக்கு எட்டவில்லை. பழைய தும்புக் கயிற்றோடு நீல நைலோன் கயிறு இரண்டு முழம் முடிந்தார். "கலியாணம் முடிச்சு வந்த நாளில இருந்து இப்பிடி இறங்கினதில்லை, பிள்ளை" என்றார். ஆற்று மணல் மாரித் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கோடையில் மெல்ல மெல்லக் கசியவிடும். மணலை அள்ளிப் பள்ளமாக்கினால் சுற்றுவட்டத்து நிலத்தடி நீர் அந்தப் பள்ளத்துக்கு இறங்கும், கிணறு வற்றும். அடுத்த கூட்டத்தில் இதை நான் விளக்கத் தேவையே வரவில்லை. பெரியம்மா கயிற்றைக் கொண்டுவந்து முடிச்சைக் காட்டினார். கமக்கார அமைப்பும் மாதர் சங்கமும் அன்றைக்கே எங்களோடு சேர்ந்துகொண்டன.

அப்புறம் செய்தது சின்ன வேலைதான். ஒரு கொப்பியில் திகதி, நேரம், வாகன இலக்கம் மூன்றையும் எழுதினோம். இரவில் டிப்பரை மறிக்கப் போகாதீர்கள், உயிருக்கு ஆபத்து. வீட்டுப் படலைக்குள் நின்றே எழுதலாம். பிறகு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், மணல் அள்ள அனுமதி கொடுக்கிற அலுவலகத்துக்கு விண்ணப்பித்தோம். எந்த இடத்தில், எத்தனை கியூப், எந்தத் திகதி வரை அனுமதி என்று மட்டும் கேட்டோம். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். வந்த பதிலில் அனுமதி கொடுத்த இடம் வேறு, அள்ளிய இடம் வேறு. அந்தக் கடிதமும் கொப்பியும், அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் கூடுகிற பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்குப் போயின. அதற்கு முன் எங்கள் வாய்முறைப்பாட்டைக் கேட்டுத் தலையாட்டியவர்கள், அன்றைக்கு அதை ஏற்றுக் கையெழுத்து வைத்தார்கள்.

எங்கள் பக்கக் கரையில் அள்ளுவது நின்றது. அக்கரையில் இன்னும் முழுதாக நிற்கவில்லை.

தண்ணீருக்காகச் சேர்ந்தவர்கள் இப்போது பாலைமரத்துக்காகவும் பேசுகிறார்கள். பாலை பழுத்தால் கரடிக்கும் குரங்குக்கும் எங்களுக்கும் அதுதான் பழம். முன்பு மரத்தின் கீழ் சாக்கை விரித்து, ஏறி உலுப்பித்தான் எடுப்பார்கள். இப்போது சந்தைக்கு அவசரமாகக் கிளையோடு வெட்டுகிறார்கள். பாலை ஆறுதலாக வளர்கிற மரம், வெட்டிய கிளை அடுத்த வருடத்துக்குத் திரும்பி வராது. பழம் விற்கிற தம்பிமார் எங்கள் ஊர்ப் பிள்ளைகள்தான். அவர்கள் மேல் முறைப்பாடு எழுத எனக்கு மனமில்லை. பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கதைக்கிறேன்.