விடுமுறையில் பிஸ்கட் டப்பாவைப் பூட்டி வைக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது, மகனுக்கு 4. பள்ளி விடுமுறை வந்துவிட்டால் காலையிலிருந்து இரவு வரை "பசிக்குது, ஏதாவது குடு" என்று இரண்டு பேரும் சமையலறையைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். சாப்பாட்டு நேரத்திலோ நாலு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. பழம் வைத்தால் அப்படியே காய்ந்து கிடக்கிறது, பிஸ்கட் பாக்கெட் மட்டும் காலியாகிறது. இந்த முறை இனிப்பை வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். இது சரியா? சர்க்கரை சேர்க்காமல் சத்தாகச் செய்துதர ஏதாவது உண்டா?

பதில்: முடிவு செய்துவிட்டேன் என்று எழுதிவிட்டு, சரியா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சந்தேகம் நல்லது. முழுத் தடை வேண்டாம்.

1999-ல் ஜெனிஃபர் ஃபிஷர், லியான் பர்ச் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு தின்பண்டத்தைக் கண்ணில் படும்படி வைத்து, எடுக்க மட்டும் கட்டுப்பாடு போட்டார்கள். பிள்ளைகளுக்கு அதன் மேல் இருந்த ஆசை கூடியது, அதைப் பற்றிய பேச்சும் கூடியது. பூட்டிய டப்பாவும் இதையேதான் செய்யும். வீட்டில் கிடைக்காத பிள்ளை, அடுத்த பிறந்தநாள் விழாவில் கேக் தட்டை விட்டு நகராது.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது இனிப்பு இல்லை, அந்த "நாலு வாய்". பள்ளி நாட்களில் மணியடித்தால்தான் சாப்பாடு. விடுமுறையில் மணி இல்லை. பத்து மணிக்கு இரண்டு பிஸ்கட், பதினொன்றுக்கு ஒரு டம்ளர் ஜூஸ், நடுவில் ஒரு பிடி சிப்ஸ் என்று போனால், மதியம் பசிக்க வயிற்றில் ஏது இடம்? சாப்பாட்டில் கொறித்துவிட்டு எழுந்தால் மூன்று மணிக்கு மறுபடி "பசிக்குது". அந்தப் பசி பொய்யில்லை, பாதி பசி, பாதி பொழுது போகாமை.

அதனால் முதல் வேலை, மணியைத் திரும்பக் கொண்டுவருவது. மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு சிற்றுண்டி, ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டரை முதல் மூன்று மணி நேரம். இடைவெளியில் தண்ணீர் மட்டும். எதை, எப்போது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பது உங்கள் பொறுப்பு. அதில் எவ்வளவு சாப்பிடுவது என்பது அவர்கள் பொறுப்பு. "இன்னும் ரெண்டு வாய்" என்று கெஞ்ச வேண்டாம். "காய் சாப்பிட்டால்தான் கேக்" என்ற பேரமும் வேண்டாம், காய் தண்டனை, கேக் பரிசு என்று நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். முதல் மூன்று நாள் அழுகை இருக்கும், தாங்குங்கள்.

தண்ணீர் மட்டும் என்பதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. நிஜமாகவே பசித்து வரும் நேரம், அதாவது சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு, நறுக்கிய பழமோ வெள்ளரித் துண்டோ மேசையில் இருக்கட்டும். "சாப்பிடு" என்று சொல்லக்கூட வேண்டாம். முழு ஆப்பிளைத் திரும்பிப் பார்க்காத பிள்ளைகள், நறுக்கி வைத்தால் பேச்சுவாக்கில் தின்று முடிப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். புதிய காய் ஒன்று பிடிக்க எட்டுப் பத்துத் தடவை தட்டில் வர வேண்டியிருக்கும், சில பிள்ளைகளுக்குப் பதினைந்து தடவைகூட ஆகும். மூன்றாம் முறையே "அவனுக்குப் பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடாதீர்கள்.

சரி, சர்க்கரைக் கணக்குக்கு வருவோம். 2 முதல் 18 வயது வரை, சேர்க்கப்பட்ட சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று 2016-ல் அமெரிக்க இதயச் சங்கம் சொன்னது. 4 கிராம் என்பது ஒரு டீஸ்பூன், ஆகவே ஆறு டீஸ்பூன். பாக்கெட்டில் சர்க்கரைக்கு நேராகப் போட்டிருக்கும் கிராமை நாலால் வகுத்தால் ஸ்பூன் கணக்கு வந்துவிடும். 330 மில்லி கோலா ஒன்றிலேயே சுமார் 35 கிராம் இருக்கிறது. தேனும் பழுப்புச் சர்க்கரையும் இந்தக் கணக்கில் விலக்குப் பெறாது. உலக சுகாதார அமைப்பு பழச்சாற்றையும் இதே பட்டியலில்தான் வைக்கிறது, 200 மில்லி ஆப்பிள் சாற்றில் 20 கிராம் அளவுக்குச் சர்க்கரை உண்டு. முழுப் பழம் இந்தப் பட்டியலில் இல்லை, பயப்படாமல் கொடுங்கள்.

இனிப்பு எப்போது என்றால், சாப்பாட்டோடு. ஒவ்வொரு முறை இனிப்பு வாயில் பட்டதும் கிருமிகள் அமிலம் சுரக்கின்றன, அதை உமிழ்நீர் சரிசெய்ய அரை மணியாவது பிடிக்கும். ஒரே வேளையில் தின்ற சின்னக் கேக் துண்டை விட, மதியம் முழுக்கச் சப்பிய இரண்டு மிட்டாய் பல்லுக்கு மோசம்.

செய்துதர நான் முதலில் சொல்வது வாழைப்பழ ஐஸ்கிரீம். கரும்புள்ளி விழுந்த பழம்தான் வேண்டும். பழுக்கப் பழுக்க மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. குளிர்ச்சி நாக்கில் இனிப்பை மட்டுப்படுத்தும் என்பதால் பாதி பழுத்த பழம் போட்டால் சப்பென்று இருக்கும். துண்டுகளைத் தட்டில் ஒட்டாமல் பரப்பி, ஒரு இரவு ஃப்ரீசரில் வைத்து, மிக்ஸியில் அரையுங்கள். முதலில் பொடிப்பொடியாக உதிரும். இந்த இடத்தில்தான் பலர் பதறிப் பாலை ஊற்றிக் கெடுக்கிறார்கள். ஓரத்தை வழித்துவிட்டு இன்னும் சற்று ஓட்டினால் திடீரென்று கிரீமாகத் திரளும். ஒரு ஸ்பூன் கோகோ தூள் சேர்க்கலாம். உடனே பரிமாறுங்கள், மறுபடி உறைய வைத்தால் கல்லாகிவிடும்.

மசித்த வாழைப்பழம் இரண்டு, ஓட்ஸ் ஒரு கப், கொஞ்சம் பட்டைத் தூள், இவற்றைப் பிசைந்து தட்டி ஓவனில் 180 டிகிரியில் 15 நிமிடம் வைத்தால் பிஸ்கட். மொறுமொறுப்பை எதிர்பார்க்காதீர்கள், மெத்தென்றுதான் வரும். கெட்டித் தயிரில் பழத்துண்டு தூவித் தட்டில் உறைய வைத்து உடைத்தும் தரலாம். பேரீச்சம்பழ உருண்டை நல்லதுதான், ஆனால் "சர்க்கரை இல்லாத இனிப்பு" என்று ஐந்தாறு கொடுத்துவிடுகிறார்கள். மெஜூல் போன்ற பெரிய பேரீச்சம்பழம் ஒன்றில் 15 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது, நார்ச்சத்தும் இருக்கிறது, பல்லில் ஒட்டவும் செய்யும். ஒன்று போதும்.

வழக்கமான கேக்கை விட வேண்டியதில்லை. சர்க்கரையில் கால் பங்கு குறைத்து, வெனிலாவைச் சற்றுக் கூட்டுங்கள். அந்த மணமே இனிப்பாக உணர வைக்கும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தால் வெளிறி, வறண்டுவிடும்; ஈரத்தைப் பிடித்து வைப்பதும் மேலே பொன்னிறம் தருவதும் சர்க்கரைதான்.

மகனுக்கு நாலு வயதுதான், மறக்காதீர்கள். முழு வேர்க்கடலை, பாதாம், பாப்கார்ன் வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கொட்டைகளை அரைத்துச் சேருங்கள். திராட்சையை நீளவாக்கில் நாலாகப் பிளந்து கொடுங்கள்.

இனிப்புத் தின்றால் பிள்ளைகள் ஆட்டம் போடுவார்கள் என்று யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள். 1995-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு ஒரு சோதனையில், சர்க்கரையே தராமல் "தந்தோம்" என்று தாய்மாரிடம் சொன்னபோது, அவர்கள் கண்ணுக்குப் பிள்ளை கூடுதலாகத் துள்ளுவதாகத் தெரிந்ததாம்!

அப்புறம், பெரியவர்களும் அதையேதான் சாப்பிட வேண்டும். அப்பா சிப்ஸ் பாக்கெட்டோடு சோபாவில் சாய்ந்தால் என் ஆலோசனை அங்கேயே முடிந்தது. மகளுக்கு 9 வயது, கேக் அளவுகளை அவளே அளக்கட்டும். ஐஸ்கிரீமுக்கான வாழைப்பழத்தை உரித்துப் பிய்த்துத் தட்டில் அடுக்கும் வேலை மகனுக்கு. மறுநாள் துண்டுகள் நாலைந்து குறைந்திருந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.