இஃப்டெஃப் மண்டிய கர்னலை எங்கே வெட்டிப் பிரிப்பது?

கேள்வி: எக்ஸ்86-64 பிராசசருக்காக சி மொழியில் எழுதிய சிறிய கர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதி) 64-பிட் ரிஸ்க்-வி பிராசசரிலும் ஓட வைக்கப் பார்க்கிறேன். ஷெட்யூலர் (அடுத்து எந்த த்ரெட் ஓடும் என்று முடிவு செய்வது), பேஜிங் (மெமரி முகவரிகளைப் பேஜ் பேஜாக மேப் செய்வது), சீரியல் டிரைவர் என்று எல்லா ஃபைலிலும் இஃப்டெஃப் (எந்த ஆர்க்கிடெக்சருக்கு எந்த வரிகள் கம்பைல் ஆக வேண்டும் என்று சொல்லும் நிபந்தனை) மண்டிவிட்டது. எதைத் தனியே எடுப்பது, எதைப் பொதுவில் விடுவது?

பதில்: இஃப்டெஃப் இருக்கிற இடத்தையெல்லாம் அப்படியே ஃபங்ஷனாக்கி ஆர்க் ஃபோல்டருக்குள் (ஒரு ஆர்க்கிடெக்சருக்கே உரிய நிரல் இருக்கும் இடம்) தள்ளிவிடாதீர்கள். ஃபைல் பார்க்கச் சுத்தமாக இருக்கும்; எக்ஸ்86-இன் பழக்கங்கள் மட்டும் ஃபங்ஷன் பெயர்களாகப் பொது நிரலிலேயே தங்கிவிடும். அந்த இடத்தில் பொது நிரலுக்கு உண்மையில் என்ன தேவை என்று முதலில் பாருங்கள். ஷெட்யூலருக்கு வேண்டியது சிஆர்3-இல் (பேஜ் டேபிளின் முகவரியை வைத்திருக்கும் எக்ஸ்86 ரெஜிஸ்டர்) எழுதுவதல்ல, ‘இந்த அட்ரஸ் ஸ்பேஸுக்கு மாறு’ என்பதுதான். ‘இன்டரப்டை நிறுத்து, முன்பிருந்த நிலையைக் கொடு’ என்பதும் அப்படியே. திரும்பி வரும் மதிப்பு எக்ஸ்86-இல் ஆர்ஃபிளாக்ஸ் ரெஜிஸ்டர். ரிஸ்க்-வியில் எஸ்ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் இன்டரப்டை அனுமதிக்கும் எஸ்ஐஇ பிட். பொது நிரல் அதை வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுக்கலாம். உள்ளே பார்க்கக் கூடாது.

இதற்கு ஃபங்ஷன் பாயின்டர் அட்டவணை வேண்டாம். ஒரு பில்டில் ஒரே ஆர்க்கிடெக்சர்தான் இருக்கும் என்பதால் தேர்வை மேக்ஃபைலே செய்யட்டும்: இரண்டு ஆர்க் ஃபோல்டர்களிலும் ஒரே பெயரில் ஹெடர்கள், பில்டைப் பொறுத்து இன்க்ளூட் பாதை மட்டும் மாறும். சின்ன ஃபங்ஷன்கள் இன்லைனாகவே இருக்கும்.

கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச்சில் (ஒரு த்ரெட்டை நிறுத்தி இன்னொன்றுக்கு மாறுவது) ரிஸ்க்-வியில் சேமிக்க வேண்டியவை ஆர்ஏ (ரிட்டர்ன் முகவரி), எஸ்பி (ஸ்டாக் பாயின்டர்), எஸ்0 முதல் எஸ்11 வரை: 14 ரெஜிஸ்டர், 112 பைட். எக்ஸ்86-64-இல் ஆர்பிஎக்ஸ், ஆர்பிபி, ஆர்12 முதல் ஆர்15 வரை ஆறையும் ஸ்டாக்கில் தள்ளி ஆர்எஸ்பியை மாற்றினால் போதும். ஆகவே த்ரெட் ஸ்ட்ரக்சருக்குள் ஆர்க்குக்கென ஒரு உள் ஸ்ட்ரக்சர் வையுங்கள். அசெம்பிளியில் ஆஃப்செட் எண்களை (ஸ்ட்ரக்சரின் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு ஃபீல்டும் இருக்கும் தூரம்) கையால் எழுதாதீர்கள். லினக்ஸ் செய்வதுபோல ஒரு சி ஃபைலைக் கம்பைல் செய்து அவற்றை உருவாக்குங்கள். மேலே ஒரு ஃபீல்டு சேர்ந்தால் கை எண் தப்பாகும், ஆர்ஏ வேறெங்கோ போய் விழும், கோளாறோ வெகுநேரம் கழித்து ஒரு ரிட்டர்னில் தலைகாட்டும். புது த்ரெட்டின் முதல் ஸ்டாக்கை அமைப்பதும் ஆர்க் வேலைதான். பலர் இதைப் பொதுவிலேயே விட்டுவிடுகிறார்கள்.

அதிகம் சறுக்குவது பேஜிங்கில். பொது நிரல் படி, எழுது, இயக்கு என்ற மூன்று அனுமதிகளை மட்டும் சொல்லட்டும். எக்ஸ்86-இல் படிக்கத் தனி பிட் கிடையாது. இயக்கத் தடை 63-ஆவது பிட். ரிஸ்க்-வியில் மூன்றுக்கும் தனித்தனி பிட் உண்டு. மூன்றும் பூஜ்யமானால் அந்தப் பேஜ் டேபிள் என்ட்ரி அடுத்த நிலை டேபிளைச் சுட்டுகிறது என்று பொருள், எழுதும் அனுமதி மட்டும் இருந்தால் செல்லாது. பேஜ் எண்ணும் 12-ஆவது பிட்டில் அல்ல, 10-ஆவது பிட்டில் தொடங்குகிறது.

இன்னும் இரண்டு பொறிகள். புதிதாக ஒரு பேஜை மேப் செய்தபின் எக்ஸ்86-இல் டிஎல்பியை (பேஜ் டேபிள் என்ட்ரிகளை நினைவில் வைக்கும் கேஷ்) தொட வேண்டியதில்லை, செல்லாத என்ட்ரியை அது கேஷ் செய்வதில்லை. ரிஸ்க்-வி அதற்கு இடம் கொடுக்கிறது, அந்தக் கேஷைப் புதுப்பிக்கும் எஸ்ஃபென்ஸ்.விஎம்ஏ கட்டளையைப் போடாவிட்டால் மேப் செய்த பேஜிலேயே ஃபால்ட் வரலாம். அதனால் ‘மேப்பிங் மாறிவிட்டது’ என்ற அழைப்பைப் பொது நிரல் எப்போதும் செய்யட்டும். எக்ஸ்86 பக்கம் அது வெற்று ஃபங்ஷனாக இருக்கலாம். அடுத்து ஆக்சஸ்டு, டர்ட்டி பிட்கள் (பேஜ் தொடப்பட்டதா, அதில் எழுதப்பட்டதா என்று குறிப்பவை). எக்ஸ்86 தானே போட்டுக்கொள்ளும். பல ரிஸ்க்-வி சிப்புகள் பேஜ் ஃபால்ட் எழுப்பும். ஹேண்ட்லருக்கு அது தெரியாவிட்டால் ஃபால்ட் முடிவில்லாமல் சுழலும். பேஜ்களைத் திரும்பப் பெறும் வசதி உங்கள் கர்னலில் இல்லையென்றால், என்ட்ரி எழுதும்போதே இரண்டையும் போட்டுவிடுங்கள்.

சீரியல் டிரைவரை ஆர்க் ஃபோல்டருக்குக் கொண்டுபோகாதீர்கள். பிசியின் காம்1-உம் க்யூஇஎம்யூ எமுலேட்டரின் ‘விர்ட்’ மெஷினின் யுஏஆர்டியும் (சீரியல் போர்ட் சிப்) 16550 வகைதான். ஒன்று 3எஃப்8 என்ற ஐ/ஓ போர்ட்டில், மற்றது பதினறும எண்ணில் 10000000 என்ற மெமரி முகவரியில். மாறுவது அணுகும் வழி மட்டுமே. நெட்பிஎஸ்டி இயங்குதளத்தின் பஸ்_ஸ்பேஸ் இதற்கு நல்ல முன்மாதிரி: பஸ் டேகும் ஹேண்டிலும் வெளியிலிருந்து வரும், டிரைவர் ஆஃப்செட்டை மட்டும் சொல்லும்.

மெமரி வரிசையில் (ஒரு கோர் படிப்பதும் எழுதுவதும் மற்ற கோர்களுக்குத் தெரியும் ஒழுங்கு) எக்ஸ்86 கண்டிப்பானது, ரிஸ்க்-வி தளர்வானது. ஸ்பின்லாக்கை (கிடைக்கும்வரை கோர் சுழன்று காத்திருக்கும் பூட்டு) வெறும் ஸ்டோர் கொண்டு விடுவித்திருந்தால் அது ரிலீஸ் ஸ்டோராக (முந்தைய படிப்பு, எழுத்துகளுக்குப் பின்பே மற்ற கோர்களுக்குத் தெரியும் ஸ்டோர்) வேண்டும். எக்ஸ்86 கணினியில் ஓடும் க்யூஇஎம்யூவில் இந்தப் பிழை பெரும்பாலும் வெளிப்படாது. பல கோர் உள்ள நிஜ போர்டில் சோதிக்கத்தான் வேண்டும்.

வேலையை இன்டரப்ட் நிலை, கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச், பேஜிங், டிரைவர் என்ற வரிசையில் செய்யுங்கள். ஒவ்வொரு கமிட்டிலும் இரண்டு ஆர்க்குக்கும் பில்ட் ஓட வேண்டும். பில்டில் மைனஸ் எஃப்அன்சைன்டு-சார் தேர்வையும் சேருங்கள்: சி மொழியின் சார் எக்ஸ்86-இல் குறியுள்ளது (எதிர்ம எண்ணும் ஆகலாம்), ரிஸ்க்-வியில் குறியற்றது. லினக்ஸ் கர்னலே 6.2 பதிப்பிலிருந்து இப்படித்தான் கம்பைல் ஆகிறது.