முப்பது கிராம் மிக்சர்

அன்புள்ள ஐயா,

மன்னார்குடி பக்கம் சின்னதாக ஒரு பலகாரக்கடை வைத்திருக்கிறேன். படிப்பு பத்தாவதோடு நின்றுவிட்டது, ஆனால் இருபது வருடமாக ஒரு நாள் விடாமல் பேப்பர் படிக்கிறேன். கடைக்கு வருகிறவர்களிடம் போர், வரி, எண்ணெய் விலை என்று ஏதாவது பேசிக்கொண்டிருப்பேன். போன வாரம் கல்லூரியில் வேலை பார்க்கும் ஒருவர், "உங்களுக்கு எதுக்கு அண்ணே உலக அரசியல், மிக்சரைப் பாருங்க" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் நல்ல மனிதர்தான், ஆனாலும் ராத்திரி தூக்கம் வரவில்லை. 2022-ல் பாமாயில் விலை ஏறியபோது மிக்சர் பாக்கெட்டின் விலையை ஏற்ற மனம் வராமல் 200 கிராமை 170 ஆக்கினேன். எனக்குத் தெரிந்த உலக அரசியல் அவ்வளவுதான். என்னைப் போன்றவன் இதிலெல்லாம் கருத்து சொல்லலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாகச் சொல்லலாம். உங்களைப் போன்றவர்கள் பேசாமல் இருந்துவிடுவதுதான் எனக்குக் கவலை. அந்தக் கல்லூரிக்காரருக்குத் தெரியாத ஒன்று உங்கள் கைக்குத் தெரியும், அந்த முப்பது கிராம். அதைப் பிடித்துக்கொண்டே கொஞ்சம் போய்ப் பார்ப்போம்.

2022 பிப்ரவரி 24-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. நாம் இறக்குமதி செய்துகொண்டிருந்த சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பங்கு உக்ரைனிலிருந்து வந்தது. கருங்கடல் துறைமுகங்கள் அடைபட்டதும் எல்லா நாடுகளும் பாமாயில் பக்கம் திரும்பின. அங்கேயோ மலேசியத் தோட்டங்களில் கொரோனாவால் வெளிநாட்டு ஆட்கள் வராமல், பழுத்த குலைகளை வெட்ட ஆளில்லாமல் ஏற்கெனவே உற்பத்தி குறைந்திருந்தது. மலேசியச் சந்தையில் டன் 7000 ரிங்கிட்டைத் தாண்டியது. அப்புறம் ஏப்ரல் 28-ல், உலகிலேயே அதிகம் பாமாயில் எடுக்கும் இந்தோனேசியா ஏற்றுமதிக்கே தடை போட்டது. உங்கள் மொத்த வியாபாரி டின் இல்லை என்று கைவிரித்திருந்தால், அது அந்த நாட்களாகத்தான் இருக்கும்.

அப்போது எனக்கும் இந்தோனேசியா மேல் கோபம் வந்தது, ஊருக்கெல்லாம் விற்கிறவன் திடீரென்று கதவைச் சாத்தலாமா என்று. பிறகுதான் அந்த ஊர்க் கதையைத் தேடிப் படித்தேன். அந்த ஜனவரியிலேயே அங்கே அரசு சமையல் எண்ணெய்க்கு லிட்டர் 14,000 ரூபியாவுக்கு (அந்த நாட்டுப் பணம்) மேல் விற்கக்கூடாது என்று விலை வைத்திருந்தது. விலை வைத்ததும் கடைகளிலிருந்து எண்ணெய் காணாமல் போனது. உலகத்துக்கே எண்ணெய் அனுப்பும் நாட்டில் பெண்கள் ஒரு பாக்கெட்டுக்காக மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். அவர்களுக்காகத்தான் என்று சொல்லித் தடை வந்தது. தடை வந்ததும் அங்குள்ள சிறு விவசாயிகளின் குலைக்கு விலை இல்லாமல் போய், மே 17-ல் அவர்கள் ஜகார்த்தாவில் ஊர்வலம் போனார்கள். மே 23-ல் தடை நீங்கியது. வரிசையில் நின்ற அம்மாவும் குலை வெட்டிய விவசாயியும் ஒரே நாட்டுக்காரர்கள், இரண்டு பேரும் கஷ்டப்படுகிறவர்கள், ஆனால் ஒருவருக்கு வேண்டியது மற்றவருக்கு ஆகாது. இதைப் படித்த பிறகு என் கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் நின்றது.

நம் ஊரிலும் இதேதான். 2024 செப்டம்பரில் மத்திய அரசு கச்சா சமையல் எண்ணெய்களின் அடிப்படை இறக்குமதி வரியை 20 சதவீதத்துக்கு ஏற்றியது, எண்ணெய் வித்து விவசாயிக்கு விலை கிடைக்க வேண்டும் என்று. 2025 மே கடைசியில் அதையே 10 ஆகக் குறைத்தது, விலைவாசி தாங்கவில்லை என்று. 1990-களின் தொடக்கத்தில் நமக்குத் தேவையான எண்ணெயை ஏறக்குறைய நாமே எடுத்துக்கொண்டிருந்தோம். பிறகு இறக்குமதியைத் திறந்துவிட்டோம், இப்போது பாதிக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. திண்டிவனம் பக்கம் கடலை போடுகிறவரையும் நினைத்துப் பார்த்து, நான் வரி இருக்கட்டும் என்கிற கட்சி. ஆனால் ரேஷனில் லிட்டர் 25 ரூபாய் பாமாயிலில் யாரும் கை வைக்கக்கூடாது. மார்கழியில் அந்த பாக்கெட் வெண்ணெய் மாதிரி உறைந்துபோகும், வெந்நீரில் போட்டு இளக்கி, ஓரத்தைக் கத்தரித்து ஊற்றி, கடைசிச் சொட்டுக்காக பாக்கெட்டைச் சுருட்டிப் பிழிவார்கள் பாருங்கள், அந்த வீடுகளின் சமையல் அதை நம்பித்தான் ஓடுகிறது. இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கும் என்று கேட்டால், இறக்குமதி வரியில் வரும் பணத்தை ரேஷன் எண்ணெய்க்குத் திருப்பலாமே என்பேன். இதில் எனக்கு எட்டாத சிக்கல்கள் இருக்கலாம். நீங்கள் டின் வாங்குகிறவர், வேறு மாதிரி நினைக்கலாம், நினைக்கவும் வேண்டும்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இது உங்கள் ஊருக்கு ரொம்பப் பக்கத்துக் கதை. மலேசியத் தமிழர்கள் பாமாயில் மரத்தைச் செம்பனை என்பார்கள். மலேயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-ல் சிலாங்கூரில் தென்னமரம் எஸ்டேட்டில் தொடங்கியது. பெயரைக் கவனியுங்கள், தென்னமரம்! ரப்பரும் பிறகு செம்பனையும் வளர்ந்த தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர், நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல் ஏறிப் போன நம் ஆட்கள். ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தபோதும், தோட்டங்களை விற்று நகரம் கட்டியபோதும் அந்தக் குடும்பங்கள் பல வீட்டையும் வேலையையும் ஒரே நாளில் இழந்தன. உங்கள் வாணலியில் காய்கிற எண்ணெயில் அவர்கள் பாட்டன் காலத்து வியர்வை இருக்கிறது. இந்த எண்ணெயைப் பற்றி மன்னார்குடிக்காரர் பேசாமல் யார் பேசுவது?

அரசியல் எங்கே என்று யாராவது கேட்டால் 2020 ஜனவரியைச் சொல்லுங்கள். காஷ்மீர் பற்றியும் குடியுரிமைச் சட்டத் திருத்தம் பற்றியும் மலேசியப் பிரதமர் மகாதீர் பேசியது டெல்லிக்குப் பிடிக்கவில்லை. கொஞ்ச நாளில் சுத்திகரித்த பாமாயில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. மலேசியா என்ற பெயர் உத்தரவில் இல்லை, ஆனால் எல்லோருக்கும் புரிந்தது.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். புடின் பலசாலியா, டிரம்ப் பலசாலியா என்று கபடி பார்க்கிற மாதிரி வாட்ஸ்அப்பில் வருவதைக் கடையில் பேச வேண்டாம். அதைப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நீங்கள் டின்னிலிருந்து ஆரம்பியுங்கள். ஆரம்பித்தால், நமக்குச் சாதகமான இடம் வந்ததும் நிறுத்திவிடாமல், அந்தப் பக்கம் வரிசையில் நிற்கிறவர் வரை போங்கள்.

சரி, அப்படியென்றால் நானும் உங்களிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். 2022 ஜூலைக்குள் பாமாயில் விலை உலகச் சந்தையில் நன்றாக இறங்கிவிட்டது. உங்கள் பாக்கெட் திரும்ப 200 கிராம் ஆனதா? கடலை மாவு, கேஸ், மாஸ்டர் சம்பளம் எல்லாம் அதற்குள் ஏறியிருந்தால் ஆகியிருக்காது. எப்படியென்றாலும் கணக்கோடு எழுதுங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்.