வண்டிப் புகையில் இருக்கும் வாயுவைப் பச்சைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: மும்பை தாராவியில் இருக்கிறோம். என் தங்கைக்கு நேற்று முன்தினம் நிறைமாதத்தில் ஆண் குழந்தை பிறந்தது. வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்து, அது மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டதாம். சயானில் ஒரு தனியார் மருத்துவமனையில் வென்டிலேட்டரில் வைத்திருக்கிறார்கள். நைட்ரிக் ஆக்சைடு வாயு கொடுக்க வேண்டும், மணிக்கணக்கில் கட்டணம் என்கிறார்கள். தேடிப் பார்த்தால் வண்டிப் புகையில் இருக்கும் நச்சு வாயு என்று வருகிறது. கையெழுத்துப் போடலாமா? வேறு இடத்துக்கு மாற்றிவிடலாமா?

பதில்: போடலாம் அம்மா. போடுவதற்கு முன் டாக்டரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "இதயத்துக்கு எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்தாயிற்றா?" சில பிறவி இதயக் கோளாறுகளிலும் குழந்தை இதே மாதிரி நீலம் பாரித்துத்தான் இருக்கும். அவற்றில் சிலவற்றுக்கு இந்த வாயு கெடுதல் செய்யும்.

வண்டிப் புகையில் நைட்ரிக் ஆக்சைடு இருப்பது உண்மைதான். ஆனால் நம் ரத்தக் குழாய்கள் விரிவதற்கு உடம்பே சுரக்கும் பொருளும் அதுதான். அதைக் கண்டறிந்ததற்காக 1998இல் மூன்று பேருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நிறைமாதக் குழந்தைகளுக்கும் அதை ஒட்டிப் பிறந்தவர்களுக்கும் இதைக் கொடுக்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1999இலேயே அனுமதி தந்துவிட்டது.

வயிற்றில் இருக்கும்வரை குழந்தையின் நுரையீரலுக்கு வேலை இல்லை; அங்கே போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கியே இருக்கும். பிறந்து முதல் மூச்சு இழுத்ததும் அவை விரிய வேண்டும். உங்கள் குழந்தைக்கு அவை விரியவில்லை. அதனால் ரத்தம் நுரையீரலுக்குப் போகாமல், கருவில் இருந்த குறுக்கு வழியிலேயே உடம்புக்குத் திரும்பிவிடுகிறது. எவ்வளவு ஆக்சிஜன் வைத்தாலும் போதவில்லை என்று டாக்டர் சொல்வது இதனால்தான். குழந்தையின் வலது கையிலும் ஒரு காலிலும் சிவப்பு வெளிச்சம் எரியும் சென்சார் ஒட்டியிருக்கலாம், பாருங்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று அது காட்டும். கையில் காட்டும் எண்ணைவிடக் காலில் 10 குறைந்திருந்தாலே குறுக்கு வழி ஓட்டத்தைச் சந்தேகிப்போம்.

இந்த வாயு மூச்சோடு உள்ளே போய், காற்றுப் போகும் இடங்களில் மட்டும் குழாய்களை விரிக்கும். ரத்தத்தில் கலந்த உடனே செயலிழந்துவிடும். அதனால் மற்ற இடங்களில் ரத்த அழுத்தம் சரியாது. இதன் பெரிய நன்மை இதுதான். வழக்கமாக 20 பி.பி.எம்.மில் தொடங்குவார்கள். அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 20 பங்கு. அளவு கூடினால் ரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறன் குறையும். அதைக் கண்காணிக்க மெத்ஹீமோகுளோபின் பரிசோதனை செய்கிறார்களா என்று கேளுங்கள்.

பலன் அரை மணி, ஒரு மணி நேரத்திலேயே தெரியும். சுமார் மூன்றில் ஒரு குழந்தைக்குப் பலன் இருக்காது. அப்படியானால் அடுத்து என்ன, சில்டெனாபில், மில்ரினோன் போன்ற மருந்துகளா, எக்மோ (உடம்புக்கு வெளியே ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் இயந்திரம்) வசதியுள்ள இடமா என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பலன் கிடைத்தால் சில நாட்களில் அளவைப் படிப்படியாக 5, அப்புறம் 1 என்று குறைத்துத்தான் நிறுத்துவார்கள். பணம் போகிறதே என்று "இன்றே நிறுத்துங்கள்" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் குழாய்கள் மறுபடியும் இறுகும். ஒரு மணிக்கு எவ்வளவு, எத்தனை நாள் ஆகலாம் என்பதைத் தொடங்கும்போதே எழுதி வாங்குவதுதான் முறை.

இடம் மாற்றுவதா? இங்கேயே இந்த வாயு இருக்கும்போது வேண்டாம். அசைப்பு, குளிர், சத்தம் எல்லாமே இந்தக் குழந்தைகளின் குழாய்களை இறுக்கும். மாற்றித்தான் ஆக வேண்டுமானால், வழியிலும் வாயு நிற்காமல் கொடுக்கக்கூடிய, பச்சைக் குழந்தைகளுக்கான ஆம்புலன்ஸும் குழுவும் வேண்டும். இதே காரணத்துக்காகத்தான் உறவினர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்த் தொட்டுப் பார்க்கவும் விடமாட்டார்கள். கோபப்படாதீர்கள்.

தங்கையிடம் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் பீய்ச்சி எடுக்கச் சொல்லுங்கள். நர்ஸிடம் கொடுத்தால் எடுத்து வைப்பார்கள். பையன் தேறி வீட்டுக்கு வரும் முன் காது கேட்கும் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். இந்த நோய் வந்த குழந்தைகளில் சிலருக்குக் கேட்கும் திறன் பிறகும் குறையலாம். அதனால் முதல் இரண்டு மூன்று வருடங்களுக்குக் காது, வளர்ச்சி இரண்டையும் டாக்டர் சொல்லும் தேதியில் தவறாமல் காட்டுங்கள்.