மாரடைப்புக்குப் பின் வால்வு கசிவு: முன்பணம் கட்ட வேண்டாம்

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. மாரடைப்பு வந்து மதுரையில் ஸ்டென்ட் வைத்து இரண்டு மாதமாகிறது. இப்போது எடுத்த எக்கோவில் (இதய ஸ்கேன்) மைட்ரல் வால்வில் நடுத்தரக் கசிவு என்கிறார்கள். ‘உடனே வால்வை மாற்ற வேண்டும், முன்பணம் கட்டினால் சென்னையில் பேக்கேஜில் முடித்துத் தருகிறேன்’ என்கிறார் ஒருவர். கட்டலாமா? — வாசகர், தேவகோட்டை

கட்டாதீர்கள். அவர் மருத்துவர் அல்லர், தரகர்.

உங்கள் ஊர்ப் பழைய வீடுகளின் இரட்டைக் கதவை நினைத்துக்கொள்ளுங்கள். தேக்குக் கதவில் ஒரு குறையும் இருக்காது. நிலை விலகியிருந்தால் இரண்டு கதவும் நடுவில் சேராது. இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவே கதவாக இருக்கும் மைட்ரல் வால்வுக்கும் இரண்டு இதழ்கள்தாம். மாரடைப்பில் அடிபட்ட இதயச் சுவர் விரிந்து, இதழ்களைப் பிடித்திருக்கும் நரம்பு போன்ற இழைகளை இழுக்கிறது. இதழ்கள் சேராமல் ரத்தம் பின்னுக்குக் கசிகிறது. ஆகவே முதல் வைத்தியம் கதவுக்கு அன்று, நிலைக்குத்தான்; அதாவது இதயச் சுவருக்குத்தான். மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டால் பலருக்கு இதயம் ஓரளவு சுருங்கிக் கசிவும் குறையும். சுமார் மூன்று மாதம் கழித்து எக்கோவைத் திரும்ப எடுத்துப் பார்த்துத்தான் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டும்.

ஒன்று மட்டும் விதிவிலக்கு. மாரடைப்பு வந்த முதல் வாரத்தில், அந்த இழைகளைத் தாங்கும் தசையே அறுந்துபோவதுண்டு. நோயாளி திடீரென மூச்சு முட்டி, வியர்த்து, படுக்க முடியாமல் தவிப்பார். அது சில மணி நேரத்திலேயே உயிர் போகக்கூடிய நிலை. அறுவை சிகிச்சைதான் வழி. தரகர்கள் இந்த ஆபத்தைச் சொல்லித்தான் எல்லோரையும் பயமுறுத்துகிறார்கள். இரண்டு மாதமாக நடமாடும் உங்கள் அப்பாவின் கசிவு அந்த வகை அன்று. ஆனால் இனி எப்போது அப்படி மூச்சு முட்டினாலும் 108-ஐ அழையுங்கள்.

மருத்துவர்களான எங்கள் தரப்பிலும் தவறு இருக்கிறது. ஆங்கில அறிக்கையைக் கையில் திணித்து, நாலு வார்த்தை விளக்காமல் அனுப்பிவிடுகிறோம். அந்த இடைவெளியில்தான் தரகர் நுழைகிறார். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் இதயப் பிரிவு இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அட்டைக்காக யாருக்கும் கமிஷன் தர வேண்டியதில்லை.

ஸ்டென்டில் ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையை, எவர் சொன்னாலும் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். உப்புக்கண்டம், வற்றல், ஊறுகாய் வேண்டாம். தினமும் காலையில் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலோ கால் வீங்கினாலோ மருத்துவரிடம் போங்கள். அடுத்த எக்கோவுக்குப் பழைய அறிக்கையையும் எடுத்துச் சென்று, இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்லும்படி விடாமல் கேளுங்கள்.