இறங்குகிறவன் சொல்ல வேண்டியது

அன்புள்ள அண்ணா,

எனக்கு 19 வயது. உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறேன். நாலு வருஷமாகக் கம்ப்யூட்டரில் கார்ப் பந்தயச் சிமுலேட்டர் ஓட்டுகிறேன். பிரான்சில் இருக்கிற லெ மான்ஸ் பந்தயச் சுற்றின் 13.626 கிலோமீட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். 24 மணி நேரப் பந்தய ஓட்டுநராக வேண்டும். ஜோஷ் பியர்சன் என்ற அமெரிக்கப் பையன் 2022-இல் 16 வயதிலேயே லெ மான்ஸ் ஓடிவிட்டான். அஜித் 53 வயதில் துபாயில் கிண்ணம் வாங்கினார். நான் பிந்திவிட்டேனா? திருகோணமலையில் ட்ராக் இல்லை, அப்பாவிடம் காசு இல்லை, சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். என் வேகத்தைக் காட்ட ஒரு வாய்ப்புக் கிடைத்தால் போதும்.

வ., உவர்மலை

அன்புள்ள வ.,

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நான் எழுதப்போகிறேன் என்று சொன்னபோதும் இந்த ஊரில் சிரித்தார்கள். புத்தகம் வந்த பிறகும் சிரித்தார்கள்.

பிந்திவிட்டாயா என்றால், ஆம், பிந்தித்தான் விட்டாய். அந்த உலகத்தில் எட்டு வயதில் கார்ட் என்கிற சின்னப் பந்தயக் காரை ஓட்டத் தொடங்குகிறார்கள். ஆனால் உன்னைப் போலவே வீட்டிலிருந்து விளையாடிய ஜான் மார்டன்பரோ, 2011-இல் கார்ப் பந்தய வீடியோ கேம் போட்டியொன்றில் வென்று நிஜக் காருக்குள் ஏறியபோது அவனுக்கும் 19தான். 2013-இல் லெ மான்ஸில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தான். ட்ராக் இல்லாததற்கு நான் என்ன செய்ய? கட்டுகுருந்தவுக்குப் போ, தியத்தலாவைக்குப் போ, வேலியோரம் நின்றாவது பார். பஸ் காசுக்கு வழியில்லை என்றால் எழுது.

இனி நான் கோபப்படுகிற இடம். உன் கடிதத்தை மேலே சுருக்கிப் போட்டிருக்கிறேன். முழுக்கடிதம் மூன்று பக்கம். அதில் 'நான்', 'என்', 'எனக்கு' என்று 41 இடத்தில் வருகிறது. வேலை மெனக்கெட்டு எண்ணினேன். உன்னோடு ஓடுகிற இன்னொருவனின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. பியர்சன் 16 வயதில் ஓடினான் என்கிறாய். அந்தக் காரில் அலெக்ஸ் லின், ஒலிவர் ஜார்விஸ் என்று இன்னும் இரண்டு பேர் இருந்தார்களே, அவர்களை எங்கே இறக்கிவிட்டாய்? அது மூன்று பேரின் கார், தம்பி. ஆறு மணி நேரத்துக்குள் நாலு மணி நேரத்துக்கு மேல் ஒருவர் ஓட்டக்கூடாது, மொத்தத்தில் 14 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று லெ மான்ஸில் சட்டமே இருக்கிறது. நீ விரும்பினாலும் தனியாக ஓட முடியாது.

அஜித்தின் கிண்ணம் உன் கண்ணில் பட்டது. அதற்கு முன்னால் நடந்தது படவில்லை. 2025 ஜனவரியில் பயிற்சியின்போது அவர் ஓட்டிய கார் மோதியது. அதன் பிறகு தன் குழுவின் போர்ஷேயில் தான் ஓட்டுவதில்லை என்று விலகிக்கொண்டார், இன்னொரு பிரிவில் வேறொரு குழுவின் காரை ஓட்டினார். மற்றவர்கள் ஓட்டி அந்தப் போர்ஷேயை அதன் பிரிவில் மூன்றாவதாகக் கொண்டு வந்தார்கள். சொந்தக் குழு, கதவில் சொந்தப் பெயர், உலகமெல்லாம் ரசிகர்கள் பார்த்துக்கொண்டிருக்க இருக்கையை விட்டு இறங்குவதற்கு என்ன மனம் வேண்டும் என்று யோசித்துப் பார். எனக்கு அந்தக் கிண்ணத்தைவிட அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

காசுக் கதையும் இதோடு சேர்ந்ததுதான். ஓட்டுநர்களை பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். லெ மான்ஸில் ஜிடி3 என்கிற பிரிவின் கார் ஒவ்வொன்றிலும் ஒரு வெண்கலம் கட்டாயம் இருக்க வேண்டும். வெண்கலம் என்பவர் அநேகமாகத் தொழில் நடத்துகிறவர், வயது நாற்பது ஐம்பது, பந்தயப் பைத்தியம், செலவில் பெரும்பங்கு அவருடையது. அவருக்குப் பக்கத்தில் வேகமான ஒரு வெள்ளிப் பொடியன் வேண்டும். கையில் பெரிய காசில்லாத பொடியன்களுக்குக் கதவு திறப்பது பெரும்பாலும் அங்கேதான். அங்கே உன் வேகம் பாதி வேலை. அந்த மனிதர் சுற்றுக்குச் சில வினாடி பின்தங்குவார். அவரோடு உட்கார்ந்து எந்த வளைவில் பிரேக்கிலிருந்து காலை முந்தியே எடுக்கிறார் என்று முகம் சுளிக்காமல் சொல்லிக்கொடுப்பது மற்றப் பாதி. உன் முகத்தைச் சுளிக்காமல் வைத்திருக்க உனக்குத் தெரியுமா?

ஓட்டுநர் மாறுவதற்காகப் பிட் என்கிற இடத்தில் கார் நிற்கும்போது கவனித்துப் பார். இறங்குகிறவர்தான் ஏறுகிறவரின் இருக்கைப் பட்டியை இழுத்து மாட்டிவிடுவார். அந்தச் சில வினாடிக்குள் காரின் குறையையும் சொல்லிவிட வேண்டும். 1952 லெ மான்ஸில் பியர் லெவெக் என்ற பிரெஞ்சுக்காரர் அதைச் செய்யவில்லை. கூட ஓட ரெனே மார்ஷான் என்பவர் இருந்தும் அவருக்கு இருக்கையையே கொடுக்கவில்லை. இயந்திரத்தில் ஏதோ அதிர்வு, தான் ஓட்டினால்தான் தாங்கும் என்று நினைத்தார் என்பார்கள். நாலு சுற்று முன்னால் இருந்தவருக்கு 23-ஆவது மணி நேரத்தில் இயந்திரம் உடைந்தது. மெர்சிடிஸ்கள் இரண்டும் தாண்டிப் போயின.

லெவெக்கைத் திட்டுகிற தகுதி எனக்கில்லை.

2003, சமாதானக் காலம். மாமா எல்ஃப் லொறியில் கொழும்புக்கு மீன் ஏற்றினார். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று இரவிரவாக ஓட்டம். விடியுமுன் புறக்கோட்டைச் சந்தையில் இறக்காவிட்டால் விலை விழுந்துவிடும். மாமாவும் அவருடைய கூட்டாளியும் மாறி மாறி ஓட்டுவார்கள். நான் நடுவில் கிளீனர், 18 வயது. ஹபரணையில் தேத்தண்ணி. அங்கேதான் கை மாறும். மாமா இறங்கி, திறப்பைக் கையில் கொடுக்குமுன் ஒரு பாடம் ஒப்புவிப்பார்: "கிளச் மேலதான் பிடிக்குது. பிரேக்கை ரெண்டு தரம் அடி. வலப்பக்க லைட் மங்கல். குருநாகல் தாண்டினா எனக்குக் கண் செருகும், எழுப்பிவிடு." கூட்டாளியும் திரும்பி வரும்போது அதே மாதிரிச் சொல்வார். தன்னால் வந்த கீறலையும் சேர்த்துச் சொல்வார்.

ஒரு நாள் பின்னேரம் ஐஸ் கம்பனியிலிருந்து வாடி வரைக்கும் லொறியை நானே எடுத்தேன். எனக்கும் உன்னைப் போல வேகத்தைக் காட்ட வேண்டியிருந்தது. திரும்புகிற இடத்தில் முன் இடப்பக்கச் சில்லை மதகுக் கட்டில் அடித்துவிட்டேன். டயரின் பக்கவாட்டில் அரை எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. சேற்றை அள்ளிப் பூசினேன்.

அன்றிரவு ஹபரணையில் மாமா இறங்கி எல்லாம் சொன்னார். கூட்டாளி ஏறினார். நான் நடுவில் இருந்துகொண்டு பிளேன்டீ குடித்தேன். வாயைத் திறக்க ஒரு நிமிஷம் இருந்தது. தம்புள்ளைக்கு இந்தப் பக்கம் டயர் வெடித்து லொறி கானுக்குள் இறங்கியது. ரெஜிபோம் பெட்டிகள் உடைந்து சூரையும் பாரையும் ரோட்டெல்லாம் கிடந்தன. உயிர்ச்சேதம் இல்லை. என் முழங்காலில் ஆறு தையல். மாமா டோர்ச் அடித்து டயரைப் பார்த்தார். "எங்கயடா அடிச்சனி?" என்று கூட்டாளியைக் கேட்டார். "நான் அடிக்கேல்லை அண்ணை." மாமா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. நான் மீன் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அதற்கடுத்த கிழமை வேறொருவர் வந்து ஏறினார்.

மாமா 2014-இல் போய்விட்டார்.

உன் சிமுலேட்டரிலும் குழுப் பந்தயம் இருக்கிறது அல்லவா? ஒருவன் இடித்த கார் இடித்தபடியே அடுத்தவனிடம் வருகிற பந்தயம். இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு அதில் 24 மணி நேரம் ஓடு. நீ இடித்ததை நீயே சொன்னாயா, அவர்கள் கண்டுபிடித்தார்களா என்று அடுத்த கடிதத்தில் எழுது. உன் சுற்று நேரங்கள் எனக்கு வேண்டாம்.

உன் கடிதம் வந்த அதே கிழமை, பஸ் ஸ்டாண்டில் உப்புவெளிக்கு ஆட்டோ பிடித்தேன். ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஓட்டுகிறவர் முகம் தெரிந்தது, மாமாவின் கூட்டாளி. தலை முழுக்க நரைத்துவிட்டது. மாமாவின் பிள்ளைகளைப் பெயர் சொல்லி விசாரித்தார். அலஸ்தோட்டம் வந்ததும் வேகத்தைக் குறைத்து, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "தம்பி, முன் சில்லு கொஞ்சம் ஆடுது. நாளைக்குத்தான் மாத்தோணும். பயப்பிடாதயுங்கோ, மெல்லத்தான் போவன்."

இறங்கினேன். காசைக் கொடுத்தேன். மிச்சம் எண்ணித் தந்தார்.