வேல்ஸின் பழைய நீராவி நேரோகேஜ் (குறுகிய பாதை) ரயில்களை ஏன் இன்னும் ஓட்டுகிறார்கள்? அருங்காட்சியகத்தில் வைத்தால் போதாதா?

போதாது. கேள்வி கேட்டவர் குடும்பத்தோடு வேல்ஸ் போகப் போவதாகவும், "சுற்றுலாவுக்காக ஓட்டும் பொம்மை ரயிலுக்கு இவ்வளவு பேர் ஏன் உயிரை விடுகிறார்கள்" என்று புரியவில்லை என்றும் எழுதியிருக்கிறார். நான் இங்கிலாந்தில்தான் இருக்கிறேன், வருடத்தில் சில வார இறுதிகளை இந்த ரயில்களுக்குத்தான் கொடுக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் ஒரு ஜோடி எஞ்சின்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். யார்க் நகரில் இருக்கும் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் லிவிங்ஸ்டன் தாம்சன் என்று ஓர் எஞ்சின் நிற்கிறது. வடக்கு வேல்ஸில் உள்ள ஃபெஸ்டினியாக் ரயில்வே 1886ல் பாஸ்டன் லாட்ஜ் என்ற தன் சொந்தப் பணிமனையில் கட்டியது அது. அதே பணிமனையில் 1879ல் கட்டிய மெர்தின் எம்ரிஸ் அதற்கு அக்கா முறை. அது அருங்காட்சியகத்துக்குப் போகவில்லை, ஓடுவதற்காகவே பராமரிக்கப்படுகிறது. இரண்டையும் பார்த்திருக்கிறேன். யார்க்கில் நிற்பதைச் சுற்றி வந்து பார்க்கலாம், பலகையில் எழுதியிருப்பதைப் படிக்கலாம், பெயிண்டும் அழகுதான். ஆனால் இந்த எஞ்சினை ஏன் இப்படி விசித்திரமாகக் கட்டினார்கள் என்பது, மெர்தின் எம்ரிஸ் பத்துப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஒரு கூர்மையான வளைவில் திரும்பும்போதுதான் புரிந்தது.

விசித்திரம் என்றேன் இல்லையா, அதை விளக்கிவிடுகிறேன். இதற்கு டபுள் ஃபேர்லி என்று பெயர். இரண்டு கொதிகலன்களை முதுகோடு முதுகு ஒட்டிவைத்தது போன்ற அமைப்பு, இரண்டு பக்கமும் புகைபோக்கி, நடுவில் டிரைவர் நிற்கும் இடம். அந்த நடு இடத்தையும் கரி எரியும் நெருப்புப்பெட்டிதான் அடைத்துக்கொண்டிருக்கும், அதனால் டிரைவர் ஒரு பக்கம், கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் மறுபக்கம், இடையில் கொதிக்கும் இரும்பு. கரி போடும் கதவு ஃபயர்மேன் பக்கத்தில், வண்டிக்குக் குறுக்கே திறக்கும். சாதாரண எஞ்சினில் வேலை பழகியவர்கள் இதில் ஏறினால் மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். கீழே சக்கரங்கள் இரண்டு தனித்தனி போகிகளில் (பெட்டி அல்ல, சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் சட்டம்) இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக சிலிண்டர்கள் உண்டு, வளைவு வந்தால் போகி மட்டும் தன்பாட்டுக்குத் திரும்பிக்கொள்ளும். இரண்டு எஞ்சினின் பலம், ஆனால் ஒரே டிரைவர், ஒரே ஃபயர்மேன்.

இப்படி ஒன்று தேவைப்பட்டதற்குக் காரணம் அந்தப் பாதைதான். தண்டவாளங்களுக்கு நடுவே 597 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அடிகூட இல்லை. நம்மூர் பிராட்கேஜ் 1676. பிளைனாய் ஃபெஸ்டினியாக் மலைகளில் வெட்டிய கூரைச் சிலேட்டுக்கல்லைப் போர்த்மடாக் துறைமுகத்துக்குக் கொண்டுபோக 1836ல் திறந்த பாதை இது. அகலம் குறைவாக இருந்தால் மலைச்சரிவை ஒட்டி நெளிந்து நெளிந்து போகலாம், வெட்டுவதும் கட்டுவதும் மலிவு. ஆரம்பத்தில் எஞ்சினே கிடையாது. சரிவைச் சீராக, சுமார் 80க்கு 1 என்ற கணக்கில் அமைத்திருந்ததால், சிலேட்டு ஏற்றிய வண்டிகள் மேலிருந்து தானாகவே உருண்டு இறங்கின, பிரேக் போட ஆட்கள் மட்டும் அவற்றின் மேல் உட்கார்ந்து வந்தார்கள். காலி வண்டிகளைக் குதிரைகள் மேலே இழுத்துச் செல்லும். இறங்கும்போது அந்தக் குதிரைகளுக்கும் ரயிலில் ஒரு வண்டி உண்டு, வைக்கோல் தின்றுகொண்டே பயணம். இதை முதன்முதலில் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

1863ல் நீராவி எஞ்சின்கள் வந்தன. இவ்வளவு ஒடுக்கமான பாதையில் நீராவி ஓடுமா என்று பலரும் சந்தேகப்பட்ட காலம் அது. அந்த ஆண்டு வந்த பிரின்சஸ், பிரின்ஸ் என்ற இரண்டும் இன்றும் அந்த ரயில்வேயிடமே இருக்கின்றன. சிலேட்டு வியாபாரம் பெருகப் பெருகச் சின்ன எஞ்சின்கள் திணறின, அப்போதுதான் ராபர்ட் ஃபேர்லியின் வடிவமைப்பில் 1869ல் லிட்டில் வொண்டர் வந்தது. 1870 பிப்ரவரியில் அதை ஓட்டிக் காட்டியபோது ரஷ்யாவிலிருந்துகூட ஒரு குழு வந்து பார்த்தது. இரண்டடிப் பாதையில் ஆட்களையும் சரக்கையும் ஒழுங்காகக் கொண்டுபோக முடியும் என்பது அதன் பிறகு உலகத்துக்கே தெரிந்துவிட்டது. நம் நாட்டில் 1879க்கும் 1881க்கும் இடையே கட்டிய டார்ஜிலிங் ரயிலும் அதே இரண்டடிதான்.

சரி, இதெல்லாம் வரலாறு, அருங்காட்சியகத்திலும் எழுதி வைக்கலாமே என்பீர்கள். ஓட்டினால்தான் பிழைத்திருக்கும் என்று நான் சொல்வது வேறு ஒன்றை, கைத்திறனை.

எஞ்சின் சுத்தம் செய்பவனாகத்தான் நானும் ஆரம்பித்தேன், எல்லோரும் அப்படித்தான், கிளீனர், அப்புறம் ஃபயர்மேன், அப்புறம் டிரைவர். விடியற்காலையில் குளிர்ந்துபோன எஞ்சின் முன்னால் நிற்கும்போது முதல் வேலை தீப்பெட்டி தேடுவதில்லை, கண்ணாடிக்குழாயில் தண்ணீர் மட்டம் பார்ப்பது. கொதிகலனுக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்டும் விரல் பருமன் குழாய் அது. நெருப்புப்பெட்டியின் மேல்கூரையைத் தண்ணீர் எப்போதும் மூடியிருக்க வேண்டும், மூடாவிட்டால் கூரைத் தகடு பழுத்துப்போகும். அந்தக் கூரையில் ஈயம் நிரப்பிய திருகு ஒன்று வைத்திருப்பார்கள், தண்ணீர் குறைந்தால் ஈயம் உருகி, நீராவி நெருப்பின் மேல் பீறிட்டு எச்சரிக்கும். அப்படி ஒருநாள் வரவே கூடாது என்பதுதான் ஃபயர்மேனின் மானப் பிரச்சினை. மட்டம் சரி என்றால் எண்ணெய்த் துணி, விறகு, கொஞ்சம் கரி. பிறகு மணிக்கணக்கில் காத்திருப்பு. அவசரப்பட்டால் இரும்பு ஒரே சீராக விரியாமல் மூட்டுகள் கசியும். அந்த நேரத்தில் மண்ணெண்ணெய் நனைத்த துணியோடு சக்கரத்தண்டுகளைத் துடைக்கிறோம். துடைப்பது அழகுக்காக என்றுதான் நினைத்திருந்தேன், எனக்குப் பழக்கிய பெரியவர் ஒருவர், அழுக்கு போனால்தான் விரிசல் கண்ணில் படும் என்று சொல்லிக்கொண்டே தண்டு முழுக்கத் தன் கட்டைவிரலை ஓட்டிக் காட்டினார். இது எந்தக் கையேட்டிலும் எழுதியிருக்கலாம், ஆனால் விரலுக்கு எப்படித் தெரியும் என்பதை எழுத முடியாது. எஞ்சின் ஓடாமல் நின்ற மறுநாளிலிருந்து இந்த அறிவு மனிதர்களோடு சாக ஆரம்பிக்கிறது.

அதனால்தான் பாஸ்டன் லாட்ஜை நான் ரொம்ப மதிக்கிறேன். அங்கே 1979லும் 1992லும் புதிய டபுள் ஃபேர்லிகள் கட்டினார்கள், 2023ல் ஜேம்ஸ் ஸ்பூனர் என்று இன்னொன்று. நம் திருச்சி பொன்மலைப் பணிமனையும் ஊட்டி ரயிலுக்காக எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களை இந்த நூற்றாண்டில் புதிதாகக் கட்டியிருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறியவர்களுக்கு அந்த எஞ்சின் தெரியும். அந்த வேலையைப் பற்றி நாம் பேசுவது குறைவு என்று எனக்கு ஆதங்கம் உண்டு. உலகில் முழு நீராவி எஞ்சினைப் புதிதாகக் கட்டத் தெரிந்த இடங்கள் மிகக் குறைவு, அதில் ஒன்று பொன்மலை.

இந்தப் பாதைகள் தானாகப் பிழைக்கவும் இல்லை. 1946ல் ஃபெஸ்டினியாக் மூடப்பட்டது. ஆலன் பெக்லர் என்பவர் 1954ல் அதைக் கையில் எடுத்தார், மறு வருடமே கடலோரக் கரையின் மேல் ஒரு துண்டில் ரயில் ஓடியது. அதற்குள் மேலே ஒரு நீர்மின் திட்டத்துக்காகப் பாதையின் ஒரு பகுதி நீர்த்தேக்கத்தில் மூழ்கிப்போக, வேறு யாராக இருந்தாலும் பாதி வழியோடு நிறுத்தியிருப்பார்கள். இவர்கள் 1965ல் மண்வெட்டியோடு மாற்றுப்பாதை வெட்ட ஆரம்பித்தார்கள், பெரும்பாலும் வார இறுதிகளில் வந்த தன்னார்வலர்கள். உயரம் போதவில்லை என்பதால் தியால்ட் என்ற இடத்தில் பாதை தன்னையே சுற்றித் தன் மேலேயே பாலத்தில் கடந்து ஏறுகிறது. மூழ்கிய பாதைக்கான நஷ்டஈட்டு வழக்கு 1972 வரை இழுத்தது. புதிய சுரங்கமும் குடைந்து, 1982ல் மறுபடி பிளைனாய் வரை ரயில் போனது. கிட்டத்தட்ட ஒரு தலைமுறை உழைப்பு. இதற்கு "பொம்மை ரயில்" என்ற சொல் பொருந்தாது என்று நான் சொல்வதற்கு இதுவே போதும்.

இதற்கும் முன்னோடி தெற்கே டவின் ஊரில் இருக்கும் டாலிலின் ரயில்வே. அதன் சொந்தக்காரர் சர் ஹென்றி ஹேடன் ஜோன்ஸ் நஷ்டத்திலேயே அதைக் கடைசிவரை ஓட்டி, 1950ல் இறந்தார். அந்த அக்டோபரிலேயே பர்மிங்காமில் ஆர்வலர்கள் கூடிச் சங்கம் அமைத்தார்கள், 1951 மே மாதம் தன்னார்வலர்களே ரயில் ஓட்டினார்கள். உலகத்திலேயே அப்படி ஒரு ரயில்வே காப்பாற்றப்பட்டது அதுதான் முதல் முறை. கட்டைகள் மக்கிப்போய், புல்வேர்தான் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று சொல்லும் நிலை, ஓடக்கூடிய எஞ்சின் 1866ல் கட்டிய டால்காக் ஒன்றுதான். அங்கே போனால் பெட்டிகளைக் கவனியுங்கள், ஒரு பக்கம் மட்டுமே கதவு திறக்கும். பாலங்களுக்கு அடியில் இடைவெளி போதாது என்று 1866லேயே அரசு ஆய்வாளர் கண்டுபிடித்துவிட்டார், தண்டவாளத்தை ஒரு பக்கமாக நகர்த்தி, மறுபக்கக் கதவுகளை நிரந்தரமாக அடைத்துவிட்டார்கள். இன்றுவரை அப்படியே.

இப்போதைய பெரிய கவலை கரி. வேல்ஸில் நீராவிக்கு ஏற்ற கரி தந்துவந்த ஃபோஸ்-அ-வ்ரான் சுரங்கம் 2023 நவம்பரில் மூடப்பட்டது, இப்போது வெளிநாட்டுக் கரியும் பொடியை அழுத்திச் செய்த கட்டிகளும்தான். ஒவ்வொன்றும் வேறு மாதிரி எரிகிறது, ஃபயர்மேன்கள் மறுபடி கை பழக வேண்டியிருக்கிறது. சுற்றுச்சூழல் கேள்வியையும் நான் ஒதுக்கவில்லை. ஆனால் இந்த அளவு கரிக்கு இந்த அளவு கைத்திறன் பிழைக்கிறது என்றால் நான் ஓட்டச் சொல்லும் பக்கம்தான்.

போவதைப் பற்றி. பர்மிங்காமிலிருந்து ஷ்ரூஸ்பரி வழியாகப் போகும் கேம்ப்ரியன் கடற்கரை ரயில் டவின், போர்த்மடாக் இரண்டு ஊரிலும் நிற்கும், கார் இல்லாமலே இரண்டையும் பார்க்கலாம். ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் ஃபெஸ்டினியாக், காலையில் போர்த்மடாக்கில் ஏறுங்கள், மேலே போகும்போது வலது பக்க ஜன்னல், பள்ளத்தாக்கு முழுக்க அந்தப் பக்கம்தான். டபுள் ஃபேர்லி எந்த வண்டியில் வருகிறது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், எல்லா நாளும் வராது. சின்னக் குழந்தைகள் இருந்தால் டாலிலின், தூரம் குறைவு, டவின் நிலையத்திலேயே நேரோகேஜ் அருங்காட்சியகம் இருக்கிறது. குளிர்காலத்தில் இரண்டிலுமே வண்டிகள் குறைவு, தேதி பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். நிலையத்தில் எஞ்சின் நிற்கும்போது டிரைவரிடம் தைரியமாகப் பேச்சுக் கொடுங்கள், வேலை நெருக்கடி இல்லையென்றால் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்வார்கள், குழந்தைகளைச் சில நேரம் மேலே ஏற்றியும் காட்டுவார்கள்.